ரெமோலினோ, 1873: காகிதத்தில் இல்லாத உத்தரவு

1873 மே 17 இரவு, அமெரிக்க ராணுவத்தின் 4ஆம் குதிரைப்படையைச் சேர்ந்த ஆறு கம்பெனிகள் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்குள் இறங்கின. சாரணர்களையும் சேர்த்துச் சுமார் 400 பேர். கர்னல் ரானல்ட் மெக்கன்சி தலைமை தாங்கினார். மறுநாள் காலை கோவவிலா மாநிலத்தில் ரெமோலினோ என்ற சிற்றூருக்கு அருகே, சான் ரோத்ரிகோ ஆற்றங்கரையில் இருந்த மூன்று பழங்குடிக் குடியிருப்புகளைத் தாக்கிக் கொளுத்தினார்கள். அதற்கு அடுத்த நாள் விடியும்போது மறுபடியும் டெக்சாஸ் மண்ணில் நின்றார்கள். அப்போது இரண்டு நாடுகளுக்கும் இடையே போர் இல்லை. மெக்சிகோ அரசிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. ஆற்றைக் கடக்கச் சொல்லும் எழுத்து உத்தரவு ஒன்றும் மெக்கன்சியின் கையில் இல்லை.

அமெரிக்க-மெக்சிகோ எல்லை என்றதும் 1846-48 போர்தான் நினைவுக்கு வரும். டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியா வரை நிலம் கைமாறிய போர் அது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில், போர் என்று அறிவிக்காமலே அமெரிக்கப் படைகள் எல்லை தாண்டிப் போய்வந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது எப்படி நடந்தது, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு ரெமோலினோவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பகை எங்கே தொடங்கியது

ரெமோலினோவில் தாக்கப்பட்ட பழங்குடி இனங்களில் ஒன்று கிக்கப்பூ. கிக்கப்பூக்கள் வட அமெரிக்காவின் பெரும் ஏரிகள் பகுதியைச் சேர்ந்தவர்கள். வெள்ளையர் குடியேற்றம் பரவப் பரவத் தெற்கும் மேற்குமாகத் தள்ளப்பட்டு, ஒரு பிரிவினர் கான்சாஸிலும் வேறு சிலர் டெக்சாஸிலும் ஒதுங்கினார்கள். 1850களின் தொடக்கத்தில் ஒரு குழு மெக்சிகோவுக்கே போய்விட்டது. அவர்களை வரவேற்க மெக்சிகோவுக்குக் காரணம் இருந்தது. வடக்கிலிருந்து கோமான்சே, அப்பாச்சி குழுக்கள் வந்து ஊர்களைச் சூறையாடிக்கொண்டிருந்தன. எல்லையைக் காக்கப் போதுமான படை மெக்சிகோவிடம் இல்லை. ஆகவே முஸ்கிஸ் ஊருக்கு அருகே நாசிமியெண்டோவில் நிலம் கொடுத்து, பதிலுக்கு எல்லைக் காவலைக் கேட்டது. கிக்கப்பூக்கள் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். கோவவிலா மக்கள் பின்னாளில் அவர்களை விட்டுக்கொடுக்கத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெக்சாஸோடு அவர்களுக்கு ஏற்பட்ட பகைக்கு ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியும்: 1865 ஜனவரி 8. அமெரிக்க உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கமும் சேர விரும்பாத பெரிய கிக்கப்பூக் கூட்டம் ஒன்று பெண்கள், குழந்தைகள், குதிரைகளோடு டெக்சாஸின் மேற்கு ஓரமாக மெக்சிகோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இன்றைய சான் ஆஞ்சலோ நகருக்குத் தென்மேற்கே டவ் கிரீக் ஓடைக்கரையில் முகாமிட்டிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் படையினரும் டெக்சாஸ் உள்ளூர்ப் படையினரும் அந்தத் தடத்தைப் பிடித்து வந்தார்கள். இவர்கள் யார், எதற்காகப் போகிறார்கள் என்று விசாரிக்கவில்லை. நேரே முகாமைத் தாக்கினார்கள். கிக்கப்பூக்கள் திருப்பியடித்ததில் டெக்சாஸ் தரப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கடும் பனியில் பின்வாங்கினார்கள். கிக்கப்பூக்களும் உடைமைகளில் பெரும்பகுதியை அப்படியே போட்டுவிட்டு ஆற்றைக் கடந்து ஓடினார்கள். டெக்சாஸ் தங்கள்மீது போர் அறிவித்துவிட்டது என்றே அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு எட்டு ஆண்டுகள் கோவவிலாவிலிருந்து வந்து டெக்சாஸ் பண்ணைகளில் மாடும் குதிரையும் ஓட்டிப் போனார்கள். ஆட்களைக் கொன்றார்கள், குழந்தைகளைத் தூக்கிச் சென்றார்கள். பண்ணைக் குடும்பங்கள் பட்ட துயரம் உண்மையானது. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் டவ் கிரீக்கை விட்டுவிட்டு, 'மெக்சிகோவில் பதுங்கிய கொள்ளையர்' என்று மட்டும் எழுதுவதும் நேர்மையல்ல. அன்றைய டெக்சாஸ் புகார் மனுக்கள் பலவற்றின் தொனி அதுதான்.

ஓர் ஒப்பந்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1848இல் போரை முடித்த குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில், தன் பக்கத்திலிருந்து பழங்குடிக் குழுக்கள் மெக்சிகோவுக்குள் புகுந்து சூறையாடுவதைத் தடுப்பதாக அமெரிக்கா உறுதி கொடுத்திருந்தது. அதை நிறைவேற்ற முடியவில்லை. மெக்சிகோவின் வட மாநிலங்களிலிருந்து இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. 1853இல் கேட்ஸ்டன் ஒப்பந்தம் போட்டபோது, மெக்சிகோவிடம் நிலம் வாங்கிய கையோடு அந்தப் பொறுப்பிலிருந்தும் அமெரிக்கா தன்னை விடுவித்துக்கொண்டது. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை ஒரு கோடி டாலர். ஆக, எல்லை தாண்டும் கொள்ளையைத் தடுப்பது எவ்வளவு கடினம் என்பதை வாஷிங்டன் சொந்த அனுபவத்தில் அறிந்திருந்தது. இருபதே ஆண்டுகளில் கொள்ளையின் திசை மாறியது. அப்போது மெக்சிகோவின் இயலாமையை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

ஃபோர்ட் கிளார்க்கில் ஒரு பேச்சு

1873 ஏப்ரலில் போர்த்துறைச் செயலர் வில்லியம் பெல்க்நாப்பும் ஜெனரல் ஃபிலிப் ஷெரிடனும் டெக்சாஸின் பிராக்கெட்வில் ஊரை ஒட்டிய ஃபோர்ட் கிளார்க் முகாமுக்கு வந்தார்கள். மெக்கன்சி தன் படையோடு அங்கே வந்துசேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வயது 32. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1862ஆம் ஆண்டு வகுப்பில் முதல் மாணவர். உள்நாட்டுப் போரில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்தவர். 1845இல் அதிபர் போல்க், மெக்சிகோவின் வடபகுதியை விலைக்குப் பேச அனுப்பிய தூதர் ஜான் ஸ்லைடல் இவருடைய பெரியப்பா. மெக்சிகோ அந்தத் தூதரை ஏற்க மறுத்ததும் அடுத்த ஆண்டு போர் வெடித்ததும் தெரிந்த கதை.

அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சாட்சியம், மெக்கன்சியின் கீழ் இருந்த லெப்டினன்ட் ராபர்ட் கார்ட்டர் பல ஆண்டுகள் கழித்து எழுதியது. எல்லையை அமைதிப்படுத்த வேண்டும், தொடங்கினால் முழு அழிப்பாக இருக்க வேண்டும் என்று ஷெரிடன் சொன்னாராம். எந்த உத்தரவின்படி, யாருடைய அதிகாரத்தில் என்று மெக்கன்சி கேட்க, ஷெரிடன் மேசையைத் தட்டி, உத்தரவையும் அதிகாரத்தையும் பற்றிக் கவலைப்படாதே, அதிபர் கிராண்ட்டும் நானும் உனக்குப் பின்னால் நிற்போம் என்றாராம். வார்த்தைக்கு வார்த்தை இதை நம்ப நான் தயாரில்லை; நெடுங்காலம் கழித்து, தன் தளபதியைப் போற்றி எழுதியவரின் நினைவு அது. ஆனால் இதன் சாரத்தைச் சந்தேகிக்கவும் இடமில்லை. பின்னால் நடந்தவை எல்லாம் அதனோடு பொருந்துகின்றன. மெக்கன்சிக்குத் தண்டனை கிடையாது, விசாரணை கிடையாது. மேலிடம் அவர் செய்ததை அப்படியே ஏற்றுக்கொண்டது.

எழுதாமல் விட்டதன் பயனைப் பாருங்கள். காரியம் கெட்டால், ஒரு கர்னல் எல்லை மீறிவிட்டார் என்று கைகழுவிவிடலாம். வெற்றி பெற்றால் எல்லாரும் சேர்ந்து மகிழலாம். மெக்சிகோ கேள்வி கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. இத்தனைக்கும் அன்று அதிபராக இருந்த யுலிசஸ் கிராண்ட், இளம் அதிகாரியாக மெக்சிகோ போரில் சண்டையிட்டவர். வலிமையான நாடு வலிமை குறைந்த நாட்டின்மீது தொடுத்த போர்களில் மிக அநியாயமானவற்றுள் ஒன்று அது என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியவரும் அவரே.

இரவுப் பயணம்

இதைச் சிலர் 'விரட்டிச் சென்று பிடித்தது' என்று எழுதுகிறார்கள். திருடர்களின் புதிய தடத்தைத் தொடர்ந்து போகும்போது எல்லையில் நிற்க முடியவில்லை என்றால், அந்த வாதத்துக்காவது ஒரு பொருள் உண்டு. இங்கே நடந்தது அது அல்ல. வாரக்கணக்கில் தயாரிப்பு நடந்தது. குதிரைகளுக்குத் தீனி கொடுத்துத் தேற்றினார்கள், வீரர்களுக்கு ஓயாமல் பயிற்சி கொடுத்தார்கள், வாள்களைத் தீட்டிவைத்தார்கள். எல்லைப்பகுதி வழி தெரிந்த ஆட்கள் முன்கூட்டியே ஆற்றைக் கடந்துபோய்க் குடியிருப்புகளை வேவு பார்த்து வந்தார்கள். கிக்கப்பூ ஆண்களில் பெரும்பாலோர் ஊரை விட்டு வெளியே கிளம்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்த பிறகே படை புறப்பட்டது. அந்தச் செய்தி வந்ததும் படையை நிறுத்தவில்லை. அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். இந்த நிகழ்வில் என்னால் கடந்துபோக முடியாத இடம் இதுதான். கொள்ளை அடித்தவர்களைத் தண்டிப்பது நோக்கம் என்றால், அவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் போவானேன்?

விடிவதற்குள் போய்ச்சேர வேண்டும் என்று இரவு முழுக்க குதிரைகளை ஓட விட்டார்கள். சுமைக் கழுதைகள் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கின. கடைசியில், வீரர்கள் சட்டைப்பைகளில் கொள்ளுமட்டும் காய்ந்த ரொட்டியைத் திணித்துக்கொண்டதும், மூட்டைகளை அறுத்துப் போட்டுவிடச் சொன்னார் மெக்கன்சி. பொழுது புலர்ந்தபோது ஆற்றங்கரை மரங்களுக்கு அப்பால் கிக்கப்பூ, லிப்பன் அப்பாச்சி, மெஸ்கலேரோ அப்பாச்சி குடியிருப்புகள் தெரிந்தன. அணி அணியாகப் பாய்ந்தார்கள். புல்லும் நாணலும் வேய்ந்த குடிசைகள் தீப்பற்றி நொடியில் எரிந்தன. சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது.

ராணுவக் கணக்கில் கொல்லப்பட்டவர்கள் 19 பேர். பிடிபட்டவர்கள் சுமார் 40 பேர், கிட்டத்தட்ட எல்லாருமே பெண்களும் குழந்தைகளும். அவர்களோடு கோஸ்தியியேத்தோஸ் என்ற முதிய லிப்பன் தலைவரும் அகப்பட்டார். சாரணர் ஒருவர் அவரைச் சுருக்குக் கயிறு வீசிப் பிடித்தார். ஏறத்தாழ 65 குதிரைகளும் கைப்பற்றப்பட்டன. படையின் தரப்பில் ஒருவர் இறந்தார், இருவர் காயமடைந்தார்கள். 19 என்ற அந்த எண்ணை, ஆண்களில் பெரும்பாலோர் ஊரில் இல்லை என்ற செய்தியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

கைதிகளை இரண்டு மூன்று பேராகக் குதிரைகளின் மேல் கட்டினார்கள். திரும்பும் வழியில் பின்னாலிருந்து மெக்சிகோ படையோ கிக்கப்பூ ஆண்களோ வந்து மறிக்கலாம் என்ற பயத்தில் நிற்காமல் ஓட்டினார்கள். அது அவர்களுக்குத் தூக்கமில்லாத இரண்டாம் இரவு. வீரர்கள் சேணத்திலேயே கண்ணயர்ந்து சரிந்தார்கள். கட்டுண்ட குழந்தைகள் அப்படியே தூங்கிப்போனார்கள். அக்கரை சேர்ந்த பிறகுதான், மேலிடத்திலிருந்து எழுத்து உத்தரவு எதுவும் இல்லை என்பது கீழுள்ள அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. தெரிந்திருந்தால் உங்களோடு ஆற்றைக் கடந்திருக்க மாட்டேன் என்று ஓர் அதிகாரி சொன்னதாகவும், மறுத்திருந்தால் சுட்டிருப்பேன் என்று மெக்கன்சி பதில் சொன்னதாகவும் கார்ட்டர் எழுதியிருக்கிறார்.

கைதிகள் எதற்காக

டெக்சாஸ் சட்டமன்றம் மெக்கன்சிக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது. மெக்சிகோ கண்டனம் தெரிவித்தது. ஆனால் அதிபர் செபஸ்தியான் லெர்தோவின் அரசு பிரெஞ்சுப் படையெடுப்பின் காயத்திலிருந்தும் உள்நாட்டுக் கலகங்களிலிருந்தும் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. அமெரிக்காவோடு மோதும் நிலையில் அது இல்லை. விவகாரம் கடிதங்களோடு அடங்கிவிட்டது.

கைதிகளை சான் அன்டோனியோ வழியாக இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் கிப்சனுக்குக் கொண்டுபோனார்கள். இதே காலத்தில், கிக்கப்பூக்களை அமைதியாகப் பேசி மெக்சிகோவிலிருந்து அழைத்துவர அமெரிக்க அரசு அமர்த்திய ஹென்றி அட்கின்சன், தாமஸ் வில்லியம்ஸ் என்ற இரு ஆணையர்கள் கோவவிலாவில் பேச்சு நடத்தினார்கள். எங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் கொடுங்கள் என்று கிக்கப்பூக்கள் கேட்டார்கள். இங்கே விட மாட்டோம், நீங்கள் வந்தால் அங்கே சேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதிலின் பொருள். அந்த ஆண்டு இறுதிக்குள் 317 பேர் ஓக்லஹோமாவில் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1875இல் இன்னொரு குழு போனது.

ரெமோலினோவை வெற்றி என்று எழுதுகிறவர்கள் இந்த 317ஐத்தான் காட்டுகிறார்கள். படையைக் கண்டு அஞ்சி யாரும் போகவில்லை. பிணையாக வைத்திருந்த பிள்ளைகளுக்காகப் போனார்கள். ஒரு கையால் சமாதானத் தூது அனுப்பி, மறு கையால் தூது போகும் இடத்துப் பிள்ளைகளைத் தூக்கிவந்த அரசு அது. அன்றைய ஆவணங்கள் இதை ராணுவச் சாதனை என்று ஒரு கோப்பிலும், ஆணையர்களின் பேச்சுத் திறமை என்று இன்னொரு கோப்பிலும் வைத்துவிட்டன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எல்லை அமைதியானதா என்றால், கொஞ்ச காலம் ஆனது. பிறகு லிப்பன் குழுக்கள் மறுபடி டெக்சாஸுக்குள் புகுந்தன. 1876இல் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஷாஃப்டரும் லெப்டினன்ட் ஜான் புல்லிஸும் ஆற்றைக் கடந்து, சரகோசா ஊர்ப் பக்கம் ஒரு லிப்பன் முகாமைத் தாக்கினார்கள். 1877 ஜூன் 1 அன்று, அதிபர் ஹேயஸின் அரசு ஜெனரல் எட்வர்ட் ஆர்டுக்கு எழுத்திலேயே அனுமதி கொடுத்தது: கொள்ளையர்களை விரட்டும்போது தேவைப்பட்டால் மெக்சிகோவுக்குள் போகலாம். ரெமோலினோவில் வாய்வார்த்தையாக இருந்தது நான்கே ஆண்டுகளில் அரசாணை ஆயிற்று. அப்போது ஆட்சியைப் பிடித்திருந்த போர்ஃபிரியோ தியாஸ் இதைப் பொறுக்கவில்லை. அத்துமீறி வருகிற படையை எதிர்க்கச் சொல்லி ஜெனரல் ஹெரோனிமோ த்ரெவின்யோவை எல்லைக்கு அனுப்பினார். 1878 ஜூனில் மெக்கன்சி மறுபடி பெரும் படையோடு உள்ளே போனபோது, மெக்சிகோ வீரர்கள் எதிரே வந்து நின்றார்கள். மெக்கன்சி முன்னேற, அவர்கள் விலகிக்கொண்டதால் சண்டை மூளவில்லை. ஒரு துப்பாக்கி தவறி வெடித்திருந்தால் இரண்டாவது மெக்சிகோ போர் அங்கேயே தொடங்கியிருக்கக்கூடும். ஆர்டும் த்ரெவின்யோவும் பேசிப் பழகி எல்லையில் ஒரு நிதானத்தைக் கொண்டுவந்தார்கள். 1880இல் ஆர்டின் மகளை த்ரெவின்யோ மணந்துகொண்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் அந்த ஆணை விலக்கப்பட்டது. 1882இல் இரு நாடுகளும், ஆள் நடமாட்டம் இல்லாத பகுதிகளில் ஒருவர் படை மற்றவர் எல்லைக்குள் விரட்டிப் போகலாம் என்று முறைப்படி ஒப்பந்தம் செய்துகொண்டன.

அந்த ஒப்பந்தத்தின்படி 1883இல் ஜெனரல் ஜார்ஜ் குரூக் அப்பாச்சிகளைத் தேடி சியர்ரா மாத்ரே மலைக்குள் போனார். ஒப்பந்தம் இருந்தும் 1886 ஜனவரியில், சோனோரா மலைகளில் மெக்சிகோ துணைப்படையினர் சுட்டதில் அமெரிக்கக் கேப்டன் எம்மெட் கிராஃபோர்ட் உயிரிழந்தார்.

வழிகாட்டியவர்கள்

ரெமோலினோவுக்குப் படையோடு போன சாரணர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமை பெறாது. அவர்கள் கறுப்பு செமினோல் இனத்தார். ஃபுளோரிடாவில் செமினோல்களோடு சேர்ந்து வாழ்ந்த, அடிமைத்தளையிலிருந்து தப்பிய மக்களின் வழித்தோன்றல்கள். அடிமை வேட்டைக்காரர்கள் கைக்கு எட்டாத இடம் தேடி, 1850இல் ஜான் ஹார்ஸ் தலைமையில் ஆற்றைக் கடந்து மெக்சிகோ போனவர்கள். நாசிமியெண்டோ அவர்களுக்கும் ஊர்தான். 1855இல் ஜேம்ஸ் கேலஹன் என்பவர் டெக்சாஸ் ஆயுதக் குழுவோடு கோவவிலாவுக்குள் புகுந்து, பின்வாங்கும்போது பியத்ராஸ் நெக்ராஸ் ஊரைக் கொளுத்திவிட்டு ஓடினார். லிப்பன்களை விரட்டப் போனதாகச் சொன்னாலும், தப்பிப்போன அடிமைகளைப் பிடிப்பதும் நோக்கமாக இருந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், 1870இல் அமெரிக்க ராணுவம் இவர்களைச் சாரணர்களாகத் திரும்ப அழைத்தது. சம்பளமும் ரேஷனும் தருவோம், குடும்பங்களுக்கு நிலமும் தருவோம் என்று வாக்குக் கொடுத்ததாக அவர்கள் கடைசிவரை சொன்னார்கள். கோவவிலாவின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த அவர்கள் இல்லாமல் மெக்கன்சியால் அந்த இரவில் அந்த வழியைக் கடந்திருக்க முடியாது. ரெமோலினோவில் புல்லிஸின் தலைமையில் போன சாரணர்கள் ஒரு சிறு குழுவினரே. 1870களில் இந்தச் சிறு அணியைச் சேர்ந்த நான்கு பேர் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்றார்கள்.

நிலம் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் ராணுவம் பழங்குடி விவகாரத் துறையைக் காட்டியது. அந்தத் துறையோ, நீங்கள் எங்கள் பட்டியலில் இல்லை என்றது. எழுத்தில் இருந்தால் காட்டுங்கள் என்றார்கள். மெக்கன்சியை வாய்வார்த்தை காப்பாற்றியது. இவர்களுக்கு அதே வாய்வார்த்தை எதுவும் தரவில்லை. ஜான் ஹார்ஸ் மெக்சிகோவுக்கே திரும்பினார். நாசிமியெண்டோ நிலத்தைப் பறிபோகாமல் காக்க மெக்சிகோ நகரத்துக்கு மனுவோடு போனவர், 1882இல் அங்கேயே இறந்தார். டெக்சாஸில் தங்கியவர்களை, 1914இல் சாரணர் அணியைக் கலைத்தபோது, ஃபோர்ட் கிளார்க் ஓடைக்கரையில் அவர்கள் கட்டி வாழ்ந்த குடியிருப்பிலிருந்து வெளியேற்றினார்கள்.

கிக்கப்பூக்களில் ஒரு பகுதியினர் எந்தப் பேச்சுக்கும் இசையாமல் கோவவிலாவிலேயே இருந்துவிட்டார்கள். ஓக்லஹோமாவுக்குப் போனவர்களிலும் சிலர், அங்கே நிலத்தைத் துண்டுபோட்டுப் பகிர்ந்தபோது மனம் கசந்து திரும்பி வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் பண்ணை வேலைக்காக ஆண்டுதோறும் எல்லை தாண்டி வந்தவர்கள், டெக்சாஸின் ஈகிள் பாஸ் நகரில் சர்வதேசப் பாலத்தின் அடியில் நாணல் குடிசை போட்டுத் தங்கினார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் டெக்சாஸ் கிக்கப்பூக்களைத் தனிப் பிரிவாக அங்கீகரித்தது. விரும்பியவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறவும், இரு நாட்டுக்கும் தடையின்றிப் போய்வரவும் அது வழிசெய்தது. நாசிமியெண்டோவில் அவர்களுடைய ஊர் இன்றும் இருக்கிறது.